சாத்விகத் தானியத்தின் சறுக்கல்

மனித இச்சைகளைத் தணிக்க உப்பும் உறைப்புமற்ற உணவே மருந்து என்று நம்பிய மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக், மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக்கில் நடத்திய சுகாதார இல்லத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புறப்பட்ட தானியச் சீவல்கள், அமெரிக்கரின் காலை உணவுக்குச் சாத்விகக் குணத்தைக் கற்பித்தன. அந்தக் குலத்தில் 1937-இல் பிறந்து, ரால்ஸ்டன் என்ற ஆரோக்கிய இயக்கத்தின் பெயரைச் சில காலம் சுமந்த வலைக்கட்டத் தானியம், பிற்பாடு ‘செக்ஸ்’ எனப் பெயர் மாறியது. அது நிறுவனச் சின்னமான கட்டங்களை மட்டுமே சுட்டுவதாயினும், தமிழெழுத்தில் அதற்கு நேரும் கதி கெல்லாக்கின் ஆன்மாவைப் புரட்டியிருக்கும்.

உண்மையான வீழ்ச்சி 1950-களில், பெட்டியிலேயே அச்சான ‘பார்ட்டி மிக்ஸ்’ செய்முறையோடு தொடங்கியது. உருக்கிய வெண்ணெயில் வூஸ்டர்ஷயர் சாஸை, அதாவது நெத்திலி வகை மீனும் காடியும் நம் புளியும் சேர்ந்து ஊறிய இங்கிலாந்துக் கரும்பழுப்புச் சாற்றைக் கலந்து, தானியம், கொட்டைப் பருப்புகள், பிரெட்சல் எனப்படும் உப்புக் குச்சிகள் ஆகியவற்றின்மீது ஊற்றி, 250 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் ஒரு மணி நேரம், கால்மணிக்கொரு முறை கிளறியபடி உலர்த்துவதே முறை. ஈரம் வெளியேறிச் சுவை மட்டும் தங்குவதற்கு அந்த வலைக்கண்கள் மிக வசதியானவை என்பதால், துணிந்தவர்கள் சாஸை இரட்டிப்பாக்கி, பூண்டுத்தூளும் மிளகாய்த்தூளும் தாராளமாகத் தூவி, விளைந்ததற்கு ‘டெக்சஸ் குப்பை’ என்று பெயரிட்டும் மகிழ்கின்றனர். கிண்ணத்தில் முதலில் தீர்வது கொட்டைப் பருப்பு. அடுத்து, சாஸ் குடித்துக் கறுத்த சில்லுகள். அடியில் எஞ்சுவன, காரம் ஏறாமல் தப்பிய, கெல்லாக் அங்கீகரித்திருக்கக்கூடிய நாலைந்து வெளிறிய சதுரங்கள்.