மாமியாரின் கால்

என் மாமியாருக்கு முழங்கால் வலி. நாங்கள் பாத்திமா போகிறோம் என்று கேள்விப்பட்டதும் அது இரண்டு மடங்காகிவிட்டது. "வேளாங்கண்ணியில தகட்டுல கால் வாங்கிப் போட்ட மாதிரி அங்கேயும் ஒண்ணு போட்டுருங்க மாப்பிள்ளை" என்று தூத்துக்குடியிலிருந்து போனில் உத்தரவு. எந்தக் கால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷமாகிறது. அந்த வீட்டில் திருப்பிக் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

மகள் லிஸ்பனில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து பாத்திமாவுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். 1917-ல் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மே முதல் அக்டோபர் வரை மாதா காட்சி கொடுத்த ஊர். மூத்தவள் லூசியாவுக்கே அப்போது பத்து வயதுதான். மாதா ஆறு மாதம் சொன்னதை அந்தப் பிள்ளை மனதில் வைத்திருந்தது. மாமியார் ஒரே வரியில் சொன்னதை எனக்கு முழுசாகக் கேட்டு வாங்கத் தெரியவில்லை.

கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே எல்லாம் மெழுகில். கை, தலை, இதயம், கைக்குழந்தை, சுருட்டி வைத்த குடல் என்று ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பாஷைதான் பிரச்சினை. போர்த்துகீசியர்கள் 1658 வரை எங்கள் ஊரில் இருந்துவிட்டுப் போனவர்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் கொடுத்த வார்த்தைகள்தான். ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான் பூராவும் என்னால் அங்கே கேட்டு வாங்கியிருக்க முடியும். எனக்கு வேண்டியதோ கால்.

கடைக்கார அம்மாளுக்கு நடித்துக் காட்டினேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்து நாலடி நொண்டினேன். நடிப்பு கொஞ்சம் நன்றாகவே அமைந்துவிட்டது. அந்த அம்மாள் பதறிப்போய் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் எந்தக் காலைப் பிடித்தேனோ அதே காலைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பியும் வைத்தார். அவர் பார்த்துக்கொண்டே நிற்கும்போது எப்படி நேராக நடப்பது? நொண்டினேன்.

கோவில் முன்னால் இருப்பது ரோமாபுரியின் பேதுரு சதுக்கத்தைவிடப் பெரிய மைதானம். ஆகஸ்ட் வெயில். அக்குளில் மெழுகுக் கால். வழியில் போகிறவர்கள் காலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பிறகு சாதாரணமாக நடந்தால் நான் அயோக்கியன். ஆகவே மைதானம் முழுக்க நொண்டினேன். சிற்றாலயம் வரை முழங்காலிலேயே நகர்ந்து போவதற்கென்று வழவழப்பான கல்லில் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். அதில் நேர்ச்சைக்காக ஊர்ந்து வந்த ஒரு பாட்டி நின்று, என்னை ஏறிட்டுப் பார்த்து, "பாவம்" என்பதுபோல் தலையை ஆட்டினார். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. என் மனைவியோ பத்தடி பின்னால், யாரோ தெரியாதவர்போல வந்துகொண்டிருந்தாள்.

மெழுகுவர்த்தி எரிக்கும் இடத்தில் பெரிய வரிசை. என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. அங்கே வர்த்திகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உருகி, நம் ஊர் சொக்கப்பனை மாதிரி எரிகிறது. 1981-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல்மீது பாய்ந்த குண்டு இன்று காணிக்கையாக இந்த மாதாவின் கிரீடத்துக்குள் இருக்கிறது. என் காணிக்கை அக்குள் சூட்டில் லேசாக வளைந்திருந்தது. மனைவி படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியதும் தீயில் போட்டேன். பாதம்தான் கடைசியாக உருகியது.

உடனே போன். "மாப்பிள்ளை, கட்டைவிரல் அந்தப் பக்கமால்லா இருக்கு? அது இடது காலு. எனக்கு வலிக்கது வலது காலுல்லா!"

"போட்டோவுல இடம் வலமாத்தான் தெரியும் மாமி" என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி போனை வாங்கி, "இல்லம்மா, இடதுதான் வாங்கியிருக்காக" என்றாள்.

மறுபடி அதே கடை. நொண்டி நொண்டி அலுத்துப்போயிருந்ததால் விறுவிறுவென்று நடந்தே உள்ளே போய்விட்டேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். இடது காலைப் பார்த்தார். கண் கலங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நான் மெல்ல வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.