தர்மக் கணக்கில் ஒரு ஸ்டார்ட்அப்

கே: லாப நோக்கமே இல்லாத அமைப்புகள், லாபத்துக்காகத் தொடங்கும் கிளீன் எனர்ஜி ஸ்டார்ட்அப்களுக்கு ஆரம்ப முதலீடு தருகின்றனவாமே? இது என்ன தர்மம் சார்?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

ப: லாபத்துக்கு அலைகிறவர்கள் முதலிலேயே வந்து கையைச் சுட்டுக்கொண்டு போய்விட்டார்களே! 2006 முதல் 2011 வரை அமெரிக்க வென்ச்சர் முதலீட்டாளர்கள் இந்தத் துறையில் கொட்டியது சுமார் 2,500 கோடி டாலர். பாதிக்கு மேல் கோவிந்தா!

ஆப் எழுத ஒரு லேப்டாப்பும் பிளாஸ்க் நிறைய காபியும் போதும். புது பேட்டரிக்கு ரசாயனம், சோதனைக்கூடம், மாதிரி ஆலை எல்லாம் வேண்டும். சந்தைக்கு வரவே பத்து வருஷம் ஆகலாம். வென்ச்சர்காரருக்கு அதுவரை பொறுமை ஏது?

அங்கேதான் தர்மப் பணம் நுழைகிறது. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் சொத்தில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தை நற்காரியத்துக்குத் தந்தே ஆகவேண்டும். முதன்மை நோக்கம் தர்மமாக இருந்தால், கம்பெனியில் பங்கு வாங்குவதும் அந்தக் கணக்கில் சேரும் என்கிறது 1969-ம் வருட வரிச்சட்டம். இந்த ஜன்னல் வழியாகப் புகுந்ததுதான் சாரா கியர்னி 2014-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ‘பிரைம் கொயலிஷன்’. அறக்கட்டளைப் பணத்தைத் திரட்டி, மற்றவர்கள் தொடப் பயப்படும் கம்பெனிகளில் போடுகிறது.

கம்பெனி படுத்தால் புண்ணியக் கணக்கு. ஜெயித்தால்? அறக்கட்டளை அசலைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. அதையும் மறுபடி நற்காரியத்துக்கே தரவேண்டும்.