மாவு மில்லில் தொடங்கிய கச்சேரி

பாக் வம்சத்தின் மூலபுருஷர் ரொட்டி சுட்டு விற்றவர். பெயர் ஃபைட் பாக். பதினாறாம் நூற்றாண்டில் ஹங்கேரியில் லூத்தரன்களுக்கு நெருக்கடி வந்தபோது, விற்க முடிந்ததை விற்றுக் காசாக்கிக்கொண்டு, ஜெர்மனியில் துரிங்கியா பக்கம் வெக்மார் என்ற கிராமத்துக்கு வந்து அடுப்பு மூட்டினார். மனிதருக்கு ஒரு பைத்தியம்: சிட்டர்ன் என்கிற சின்ன நரம்பு வாத்தியம். மாவு அரைக்கப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே கல் கடகடவென்று சுற்ற, இங்கே இவர் மீட்டிக்கொண்டிருப்பார். தாளம் தப்பாத பழக்கம் அந்தச் சத்தத்தில்தான் வந்திருக்கும் என்று எள்ளுப்பேரன் பிற்பாடு எழுதி வைத்தார். அந்த எள்ளுப்பேரன்தான் சங்கீத மேதை யோகான் செபாஸ்தியன் பாக்.

இடைப்பட்ட தலைமுறைகள் துரிங்கியாவில் ஓர் ஊர் பாக்கி வைக்கவில்லை. கல்யாணம், கருமாதி, கோயில், கோபுரம் எங்கே வாசிக்கக் கூப்பிட்டாலும் ஒரு பாக் வந்து நிற்பார். எர்ஃபர்ட் நகரில் ஊர் வாத்தியக்காரர்களுக்கே ‘பாக்குகள்’ என்று பெயர் விழுந்து, பிற்காலத்தில் அந்தக் கோஷ்டியில் ஒரு பாக்கூட இல்லாதபோதும் ஜனங்கள் அப்படியே கூப்பிட்டார்கள், எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் நாம் ஜெராக்ஸ் எடுப்பதைப் போல. செபாஸ்தியனின் அப்பா அம்புரோசியஸ் இரட்டைப் பிள்ளையில் ஒருவர். சகோதரர்கள் இருவரும் அச்சு அசல் ஒன்றாக இருப்பார்களாம். கட்டின மனைவிகளே உடுப்பைப் பார்த்துத்தான் ‘இது நம் ஆள்’ என்று தெரிந்துகொள்வார்கள் என்பது குடும்பத்தார் சொன்ன கதை. உடுப்பை மாற்றிப் போட்ட நாளில் என்ன ஆயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லாப் பாக்குகளும் ஓரிடத்தில் கூடுவார்கள். முதலில் பக்தியோடு ஒரு தேவகீதம். அந்தக் கடன் கழிந்ததும் ஆளுக்கொரு தெருப்பாட்டை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பின்னிப் பாடிச் சிரிப்பார்கள். அதில் ஆபாசத்துக்கும் குறைவில்லை. சர்ச்சில் சம்பளம் வாங்குகிறவர்கள் இவர்கள்!

செபாஸ்தியனுக்குப் பத்து வயது நிரம்பும் முன்பே அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். ஓர்ட்ரூஃபில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் வீட்டில் அடைக்கலம். அண்ணனிடம் பெரிய வித்வான்களின் உருப்படிகள் எழுதிய ஒரு நோட்டு இருந்தது. தம்பி கேட்டான், தர மறுத்துக் கம்பியழிக் கதவு போட்ட அலமாரியில் வைத்துப் பூட்டினார். தாள் அட்டை போட்ட நோட்டுதானே, பையன் ராத்திரியில் சின்னக் கையைக் கம்பிக்குள் விட்டு, சுருட்டி வெளியே இழுத்தான். விளக்கு கிடையாது. நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதி முடித்தான். அண்ணன் கண்டுபிடித்து, எழுதினதையும் பிடுங்கிக்கொண்டார். பாக் வீட்டில் குலச்சொத்து கைமாறிய லட்சணம் இது.

1707-இல் செபாஸ்தியன் கட்டிக்கொண்ட மரியா பார்பராவின் அப்பாவும் ஒரு பாக், அவரும் ஆர்கன்காரர். பெண்ணின் தாத்தாவும் மாப்பிள்ளையின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். நம்மூர்க் கணக்கில் சுத்தமான பங்காளி வீடு, பெண் அக்கா முறை. இங்கே நடந்திருந்தால் பஞ்சாயத்து கூடி ஊரைவிட்டுத் தள்ளி வைத்திருப்பார்கள். மேற்கத்திய சங்கீதத்துக்கு நல்ல காலம், நடந்தது அங்கே. மரியா பார்பரா இறந்தபின் 1721-இல் பாடகி அன்னா மக்தலேனா. இரண்டு தாரத்துக்கும் சேர்த்துப் பிள்ளைகள் 20, தங்கியது 10.

1730-இல், உத்தியோகம் பார்த்த லைப்சிக்கிலிருந்து பழைய சிநேகிதருக்கு ஒரு புலம்பல் கடிதம். விலைவாசி அதிகம், மேலிடத்துக்குச் சங்கீதத்தில் அக்கறை இல்லை, போன வருஷம் காற்று நன்றாக இருந்து தொலைத்ததில் சாவு குறைந்து, சாவு வரும்படியில் 100 தாலருக்கு மேல் நஷ்டம். அதே கடிதத்தில், பிள்ளைகள் எல்லாம் பிறவி வித்வான்கள், வீட்டு ஆட்களை வைத்தே கச்சேரி நடத்திவிடுவேன் என்று பீற்றிக்கொள்ளவும் தவறவில்லை. சரி, மூத்த பையன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான்? சட்டம் படித்துக்கொண்டிருந்தான். அடுத்தவர் எம்மானுவேலும் சட்டம்தான் படித்தார். பெற்றவர்கள் எல்லா நாட்டிலும் பெற்றவர்கள்தான். ஆனால் மூத்தவர் ஆர்கனுக்கே திரும்பினார். எம்மானுவேல் பிரஷ்ய ராஜாவின் புல்லாங்குழலுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போனார்.

1735 வாக்கில் செபாஸ்தியன் உட்கார்ந்து வம்சப் பட்டியல் ஒன்று எழுதினார். ரொட்டிக்கார ஃபைட்டில் தொடங்கி 53 பேர், அத்தனை பேரும் ஆண்கள். பெரும்பாலோர் யோகான், விசேஷ வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பந்தியே எழுந்து வந்திருக்கும். அவருடைய நோட்டுகளைப் பக்கம் பக்கமாக நகலெடுத்துக் கொடுத்த அன்னா மக்தலேனாவுக்குப் பட்டியலில் எண் கிடையாது.

1750-இல் செபாஸ்தியன் கண்ணை மூடியதும் நோட்டுகள் பாகம் பிரிந்தன. மூத்தவர் தன் பங்கைக் கஷ்டகாலத்தில் விற்றுத் தின்றார். எம்மானுவேல் பத்திரமாக வைத்திருந்தார், ஆனால் அப்பாவின் ‘ஃபியூக் கலை’ என்ற உருப்படித் தொகுப்பு சுமார் 30 பிரதிதான் போயிருக்கிறது என்றதும் அதன் செப்புத் தகடுகளை விற்பனைக்குப் போட்டார். அன்னா மக்தலேனா தர்மப் பணத்தில் காலம் தள்ளி 1760-இல் இறந்தார். எம்மானுவேல் தன் மகன் ஒருவனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார், பையன் ஓவியனாகிவிட்டான்.

1843-இல் லைப்சிக்கில் செபாஸ்தியனுக்கு நினைவுச் சின்னம் திறந்தார்கள். அதற்குப் பணம் திரட்ட இசையமைப்பாளர் மெண்டல்சன் கச்சேரி செய்திருந்தார். விழாவுக்குப் பேரன் வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிக் எர்ன்ஸ்ட் வந்திருந்தார்; வயது 83, பிரஷ்ய அரண்மனையில் சங்கீத உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். 1845-இல் அவரும் போனார். அவருக்கு மிஞ்சியது பெண்கள் மட்டும்தான் என்பதால், தாத்தா போட்ட கணக்குப்படி செபாஸ்தியனின் கிளை அத்தோடு முடிந்தது.