முன்னச்சுப் பூட்டியல்: மணமேல்குடிப் படலம்

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியலை எவ்வாறு பூட்டுவது என்னும் வினாவுக்குத் தமிழில் இதுவரை ஒரு நூற்பாகூட இல்லை. தொல்காப்பியர் காலத்தில் சேறு இல்லாமல் போயிருக்காது. ஆகவே இது புலவர்களின் புறக்கணிப்பே என்று கொண்டு, அக்குறையை நீக்கப் புகுகிறது இவ்வாய்வு. களம்: புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி.

ஏன் மணமேல்குடி எனின், குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. நின்றசீர் நெடுமாறனுக்கு அமைச்சராக மதுரையில் இருந்தவர் ஊருக்குப் போக வர ஏதோ ஒரு வண்டியில் ஏறித்தான் இருக்க வேண்டும். அதன் அச்சு எவ்வகையது என்று பெரியபுராணம் சொல்லாமல் விட்டது ஆய்வுலகுக்கு நேர்ந்த பேரிழப்பு. அதைவிட வலுவான காரணம் மண். பாக் நீரிணைப் பக்கத்துக் கடலுக்கு அலை அடிக்கும் வழக்கம் குறைவு. மணலை அலசி வைக்க ஆளில்லாததால் கரையில் சேறு தங்கிவிடுகிறது. மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறில் பறந்து வந்த வண்டி, படம் எடுப்பதற்காகச் சாலையை விட்டு இறங்கியதும் நின்றுவிடும். சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இது ஏன் நிகழ்கிறது? உரைகாரர் ஒருவரும் விளக்காததால் நாமே விளக்குவோம். டிஃபரன்ஷியல் ஒரு நுகத்தடி. இரண்டு மாட்டுக்கும் இழுவையைச் சமமாகவே பங்கிடும். ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்றது எத்தனை முறுக்கேறிய காளையானாலும் வண்டி நகராது. அதுபோலச் சேற்றில் வழுக்கும் சக்கரத்துக்கு எவ்வளவு குறைந்த இழுவை போதுமோ, கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வழுக்கினால் போதும். ‘நாலு சக்கர இழுவை’ என்று பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்துக்குப் பொருளில்லை.

அப்படியானால் இந்தக் கருவியே எதற்கு என்று கேட்பார் உண்டு. நீராவி வண்டிக்காக இதை 1820களின் பிற்பகுதியில் வடித்தவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரக்காரர். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதுதான் அவர் தீர்க்க வந்த சிக்கல். சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்றால், ஒரு முழு வட்டத்துக்கு வெளிச்சக்கரம் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடும். மணமேல்குடி பேருந்து நிலையத்தைச் சுற்றினாலும் சரி, புதுக்கோட்டை மாவட்டத்தையே சுற்றினாலும் சரி, அதே 9.4தான். மாவட்டத்தைச் சுற்றி வந்து சரிபார்க்க நிதி கேட்கலாம் என்றிருந்தேன். வடிவகணிதம் குறுக்கே நின்றுவிட்டது.

பூட்டு என்பது இந்தச் சலுகையை ரத்துசெய்து இரு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் ஓடவைப்பது. இதில் மதங்கள் பல. வெல்டிங் மதத்தார் பல்சக்கரங்களை உள்ளேயே பற்றவைத்துவிடுவார்கள். செலவு குறைவு, பக்தி அதிகம், திருப்பம் இல்லை. தானியங்கி மதத்தில் பூட்டு தன் விருப்பப்படி மாட்டும், கழலும். பின்னச்சில் பொறுத்துக்கொள்ளலாம், முன்னச்சில் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். வழுக்கல் குறைப்பான் என்பது சமரச சன்மார்க்கம்: கிளட்ச் தகடுகளைக் கொண்டு ஓரளவுக்கு உதவும். சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதுவும் கைவிரிக்கும். கடைசியாக, வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றும் வகை. இதற்குள் காற்று, மின்சாரம், கேபிள் என மூன்று கிளை. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி பூட்டுக்குச் சின்ன கம்ப்ரஸர் ஒன்றைச் சுமக்க வேண்டும். அதே கம்ப்ரஸரால் டயருக்குக் காற்றும் அடிக்கலாம் என்பது அம்மதத்தின் மிக வலுவான வாதம், நான் கேட்டவற்றுள் நேர்மையானதும் அதுவே. மின்பூட்டுக்கு ஒயரும் ஸ்விட்சும். உப்புக்காற்று இந்த மூன்றையுமே தின்னும். கேபிளைத் தின்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும், கிரீஸ் வைக்கலாம்.

முன்னச்சுக்கே உரிய துன்பம் ஒன்று உண்டு. இழுக்கும் சக்கரமே திரும்பவும் வேண்டும். பூட்டியபின் இரண்டும் நேராகப் போவதையே விரும்பும், ஸ்டீயரிங் கல்லாகும், ஒடித்துத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சக்கரத்தோரத்து இணைப்பு உடையும். மணமேல்குடிக் கடற்கரையில் நேராகப் போவது என்றால் எங்கே போவது? தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுக் காப்பகம் இந்தக் கரையோரக் கடலில்தான் இருக்கிறது. கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் அக்கடல்பசுவின் மேய்ச்சல் நிலத்தில் ஜீப்பை இறக்கிவிட்டு, திருப்ப முடியவில்லை ஐயா என்று வனத்துறையிடம் சொல்வது முனைவர் பட்டத்துக்கு ஏற்ற வாதமாகாது.

இந்திய வண்டிகளில் ஃபோர்ஸ் கூர்க்கா முன்னும் பின்னும் பூட்டோடு ஆலையிலிருந்தே வருகிறது. மஹிந்திரா தாரில் பூட்டு பின்னச்சோடு நின்றுவிடும். 2020இல் வந்த தாரில் அது தானாக மாட்டிக்கொள்ளும் இயந்திரவகை. மாருதி ஜிம்னி பூட்டே இல்லாமல், வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து ஏமாற்றுகிறது. எதற்கும் ரசிகர் மன்றம் உண்டு; அதற்குள் போக இடமில்லை.

இனி நம் கொள்கை. அதைக் கண்டுபிடித்தவர்கள் இவ்வூர்ப் பக்கத்து டிராக்டர்காரர்கள். நமக்கு எழுதும் வேலை மட்டுமே. தொளியுழவில் ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியதும், குதிகாலால் ஒரு பெடலை அமுக்குவார்கள். டிஃப் லாக் விழும். வண்டி ஏறியதும் காலை எடுப்பார்கள். இரு பக்கத்து இழுவையும் சமமானவுடன் பூட்டு தானே கழலும். வரப்போரம் திருப்பும்போது கால் அதன் மேல் இருக்காது. சக்கரம் வேகமாகச் சுழலும்போது அமுக்கினால் பல் போய்விடும் என்பதால், முதலில் கிளட்சை மிதித்து நிறுத்துவார்கள். இத்தனையும் ஒரு காலின் வேலை. இவர்களிடம் முன்னச்சுப் பூட்டைப் பற்றிக் கேட்டால், “முன்னால பூட்டிட்டா அப்புறம் எப்படிண்ணே திருப்புறது?” என்பதோடு கலந்தாய்வு முடிந்துவிடுகிறது.

ஆகவே நம் தீர்ப்பு வருமாறு. முதலில் டயரில் காற்றை இறக்கு; காசு கேட்காத பூட்டு அது. அடுத்துப் பின்னச்சைப் பூட்டு. முன்னச்சுக்குப் பூட்டு வேண்டியே தீரும் என்பார், கையால் இழுக்கும் கேபிள் லீவரையே தேர்ந்தெடுக்கக் கடவர். லீவர் கையிலிருந்தால் பூட்டியிருப்பது மறக்காது. மற்ற வகைகளில் டாஷ்போர்டில் ஒரு சிறு விளக்கு எரியும். சேற்றில் சிக்கிய மனிதன் டாஷ்போர்டைப் பார்ப்பதில்லை, மனைவியின் முகத்தைப் பார்ப்பதில்லை, வெளியே சுற்றும் சக்கரத்தை மட்டுமே பார்ப்பான்.

இத்தீர்ப்பை ஏற்காத வெல்டிங் மதத்தார் மணமேல்குடிக்குத் தாராளமாக வரலாம். வருமுன் முன் பம்பரில் இழுவைக் கொக்கி இருக்கிறதா, அது சேஸிஸோடு இணைந்ததா, வெறும் அலங்காரமா என்று பார்த்துக்கொள்ளட்டும். வாடகை பேசுவதற்கு முன்பே டிராக்டர்காரர் கேட்கும் கேள்வி அது.