சம்பளத்துக்கும் ஒரு விசில்

திடலில்தான் நடுவர் இருக்கிறாரே! காற்பந்துக் கிளப்புகளின் ஒப்பந்தத்துக்கும் சம்பளச் செலவுக்கும் தனி விதி எதற்கு?
– வாசகர், சுங்கை பட்டாணி

பந்தை உதைக்கலாம்; கணக்கு உதைக்கக் கூடாதே! 2006-07, 2007-08 என அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அலோர் ஸ்டாருக்கு அள்ளி வந்தது நம் கெடா. அதே கெடாவின் கிளப்தான் சம்பளப் பாக்கியில் சிக்கி, 2025-26 சூப்பர் லீக்குக்கு உரிமம் கிடைக்காமல் வெளியே நின்றது. வரவுக்கு மேல் சம்பளம் பேசும்போதே விசில் ஊத ஒருவர் வேண்டும்.

இரண்டு மாதச் சம்பளம் நின்றால், 15 நாள் கெடு கொடுத்து ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்கிறது ஃபிஃபா. தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவருக்கோ, மாதம் முடிந்து 7 நாளுக்குள் கூலி கைக்கு வர வேண்டும் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. பந்தோடு ஓடுகிறவர் வீட்டில் மட்டும் அடுப்பு இரண்டு மாதம் காத்திருக்குமா?