கிராணியாரும் மூன்றாம் பிரதியும்

கேமரன் மலையின் தானா ராத்தாவில் ஓய்வாக இருக்கும் தோட்டத்துக் கிராணியார் ஒருவருக்கு, ஆங்கிலத்தில் மூன்று என்றாலே நினைவுக்கு வருவது ‘டிரிப்ளிகேட்’. தேயிலைத் தோட்ட ஆபீசில் எதை எழுதினாலும் மூன்று பிரதி, நடுநடுவே கார்பன் தாள். முதலாவது துரைக்கு, இரண்டாவது ஃபைலுக்கு. மூன்றாவதை எழுதியவரே வந்து வாசித்துச் சொன்னால்தான் உண்டு.

பேத்திக்குப் பள்ளியில் வீட்டுப்பாடம்: மூன்று என்ற பொருளில் ‘டிரை’ என்று தொடங்கும் பத்துச் சொற்கள். தாத்தா உற்சாகமாக இறங்கினார். டிரையாங்கிள், டிரைசைக்கிள், டிரைபாட் வரை சிக்கலில்லை. டிரிபிள், டிரிலாஜி என்றதும் ‘டிரை’ சுருங்கி ‘டிரி’ ஆனது. மூவர் சேர்ந்து பாடும் ‘ட்ரீயோ’வில் அதுவே நீண்டது. மூன்றைச் சொல்ல வந்த முன்னொட்டு, உச்சரிப்பையும் மூன்றாக வைத்துக்கொண்டிருக்கிறது. இதிலும் ஒரு நேர்மை!

டிரிப்பையும் சேர்க்கச் சொன்னார். அதற்கும் மூன்றுக்கும் உறவில்லை என்று பேத்தி அடித்துவிட்டாள்.

“ஏம்மா இல்ல? மலைக்கு டிரிப் வர்றவன் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங்னு மூணு ஊர்லயும் ஜாம்ல நிக்கிறானே!”

பினாங்கு டிரைஷா தேறியது. அதன் தலை ஐரோப்பா, வால் ஜப்பான். ‘ஜின்ரிகிஷா’ என்றால் மனிதசக்தி வண்டி. அதில் ‘ஜின்’தான் மனிதன். ஆங்கிலேயர் ஜின்னைக் கழற்றி ரிக்‌ஷா ஆக்கினார்கள். பிறகு சக்தியையும் கழற்றி மூன்று சக்கரம் மாட்டினார்கள். மிதிக்கிறவர் மட்டும் இன்னும் மனிதராகவே இருக்கிறார்.

‘டிரிவியம்’ என்றால் லத்தீனில் மூன்று சாலை கூடுமிடம். அதிலிருந்து வந்த ‘டிரிவியல்’, அற்ப விஷயம். நம் முச்சந்தி அரட்டைதான். கணவரின் மாலைப்பொழுது மொத்தமும் ஒரே சொல்லில் அடங்கியதில் பாட்டிக்கு ஏகத் திருப்தி. சமஸ்கிருதத் ‘திரி’யும் இந்த ‘டிரி’யும் ஒரே குடும்பம், திரிசூலமும் திரிபலாவும் அப்படி வந்தவை என்று கிராணியார் விளக்கியபோது, “பால் திரியறதும் அந்தக் குடும்பமா?” என்று பாட்டி கேட்டார். இல்லை, அது தமிழ்.

டிரிகனாமெட்ரி வந்ததும் கிராணியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்க, 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டவர் வில்லியம் லாம்டன். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோயிலில் மோதி நசுங்கியது. பார்வைக்கு உயரமான இடம் வேண்டுமென்றால், ராஜராஜன் எண்ணூறு வருஷத்துக்கு முன்பே கட்டிவைத்திருக்கிறான். ஏற்றத் தெரிய வேண்டாமா? லாம்டனே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். கேமரன் மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரனும் சர்வேயர்தான். 1885இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டவர், படத்தில் சரியாகக் குறிக்காமல் போய்விட்டார் என்பார்கள். “டிரிப்ளிகேட் எடுத்திருக்கணும்” என்றார் கிராணியார்.

ஒன்பது சொல் சேர்ந்தது. பத்தாவதாக அவர் முன்மொழிந்தது ‘திரீ இன் ஒன்’: தூள், சீனி, கிரீமர் மூன்றும் கலந்த பாக்கெட். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து தேயிலை விளையும் மலை இது. கிராணியார் வீட்டில் குடிப்பதோ அந்தப் பாக்கெட்டைத்தான். அது சொல்லே இல்லை, மூன்று சொல் என்றாள் பேத்தி.

“அப்ப மூணாப் போட்டுக்க, பன்னிரண்டு ஆச்சு” என்றார்.