கமிட்டி சார்

காலை எட்டரை மணிக்கு வேளச்சேரி–தாம்பரம் சாலையில் நின்றால், பள்ளிக்கரணையைக் கடந்து போகும் காலேஜ் பஸ்களில் ஏதோ ஒன்றின் முன் சீட்டில் அவரைப் பார்க்கலாம். மடியில் லேப்டாப் பை, அதன்மேல் தடித்த பாக்ஸ் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். 'நிகர்நிலை' என்று போர்டு வைத்த இடத்திலெல்லாம் ஒருத்தர் இருக்கிறார். சம்பளம் மெக்கானிக்கல் பாடத்துக்கு. ஆனால் மாணவர்கள் வாயில் அவர் கமிட்டி சார்.

சமவாய்ப்புக் குழு, எஸ்.சி., எஸ்.டி. நலக் குழு, ராகிங் தடுப்புக் குழு, மாற்றுத்திறனாளிகள் வசதிக் குழு, சிறுபான்மையினர் குழு, குறைதீர் குழு எல்லாவற்றுக்கும் அவரே ஒருங்கிணைப்பாளர். ஒரு குழுவின் முடிவை இன்னொரு குழுவுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அவரே கடிதம் எழுதி, அவரே பெற்றுக்கொண்டு, 'ஆவன செய்யப்படும்' என்று அவரே பதிலும் போடுவார். பாலியல் தொல்லை பற்றிய புகார்களுக்கான உள் புகார்க் குழு ஒன்றுதான் கைக்கு எட்டவில்லை. அதற்குத் தலைவராக ஒரு பெண்தான் இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. விடுவாரா மனிதர்? அதற்கு 'ஆலோசகர்' ஆகிவிட்டார். சட்டத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது. கூட்டத்தில் அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

என்னையும் சமவாய்ப்புக் குழுவில் போட்டிருக்கிறார். எந்த வகையில் நான் வாய்ப்பு இழந்தவன் என்று புரியாமல் பட்டியலைப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே 'பிராந்திய மொழிப் பிரதிநிதி' என்று இருந்தது. நான் தமிழ்த் துறை. சென்னையில் தமிழுக்கும் ஓர் இடம் ஒதுக்கிய பெருந்தன்மைக்கு நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மார்க்குக்குப் பயந்தவர், அவ்வளவுதான். 2016-லிருந்து மத்திய அரசு என்.ஐ.ஆர்.எஃப். என்ற பெயரில் தரவரிசை வெளியிடுகிறதல்லவா, அதில் அனைவரையும் உள்ளடக்குவதற்கென்று ஒரு தலைப்பு உண்டு. மொத்த மதிப்பீட்டில் அதற்குப் பத்து சதவீதம். அந்தத் தலைப்புக்குள் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு 30 மார்க், பெண்களுக்கு 30, பொருளாதாரத்திலும் சமூக நிலையிலும் பின்தங்கியவர்களுக்கு 20, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளுக்கு 20. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். எதிரே வரும் மாணவரின் முகம் தெரிவதற்கு முன்பே எந்தத் தலைப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஓங்கோல் பையன் என்றால் ஒரு புன்னகை. ஓங்கோலிலிருந்து ஒரு பெண் வந்தால் இரண்டு தலைப்புக்கும் சேர்த்து எழுந்தே நின்றுவிடுவார். மேடவாக்கத்துப் பையன் வணக்கம் வைத்தால் ஃபைலைப் பார்த்தபடி தலையசைப்பார்.

வளாகத்தின் பின்சுவரைத் தாண்டினால் சதுப்பு நிலம். எங்கெங்கிருந்தோ பூநாரைகள் வந்து இறங்குகின்றன, யாரும் ஊர் கேட்பதில்லை. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தது. அட்மிஷன் விளம்பரம் கொடுக்காமலேயே அது 30-க்கு 30 வாங்குகிறதே என்று கமிட்டி சாருக்கு உள்ளூர ஓர் ஏக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பொங்கல் விழாவுக்குத் தான்சானியா மாணவர் கண்டிப்பாக வேட்டியில் வர வேண்டும். கரும்பு பிடிக்க வேண்டும். பானைக்கு வலப்பக்கம் அவர், இடப்பக்கம் மணிப்பூர் மாணவி. அந்தப் பெண்ணுக்கு அவளுடைய ஊர் உடை என்று வாடகைக் கடையிலிருந்து எதையோ எடுத்துவந்து கொடுத்தார்கள். "இது எங்க ஊர் டிரஸ் இல்லை சார், மிசோரம்" என்றாள். "பரவாயில்லம்மா, பக்கத்து ஸ்டேட்தானே" என்றார் கமிட்டி சார். வடக்கே யாராவது இவரைப் பார்த்து ஆந்திராவா என்று கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது இவருக்கு.

மகளிர் தினம் இன்னும் விமரிசையாக இருக்கும். மேடையில் ஏழு நாற்காலி, ஆறில் ஆண்கள். வாசலில் பட்டுப்புடவை கட்டிய மாணவிகள் பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். தலைப்பு 'தடைகளைத் தாண்டும் பெண்'. போன முறை சிறப்பு விருந்தினர் சூடுபிடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது கமிட்டி சார் துண்டுச் சீட்டு அனுப்பினார், சீக்கிரம் முடிக்கச் சொல்லி. பெண்கள் ஹாஸ்டல் கேட் ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் ஹாஸ்டலுக்கு ஒன்பது வரை நேரம் இருந்தது. ஆகவே பெண் விடுதலை பற்றிய மீதிப் பேச்சைப் பையன்கள் மட்டும் உட்கார்ந்து கேட்டார்கள்.

அவருடைய ஆயுட்காலச் சாதனை என்றால் சாய்தளம்தான். பள்ளிக்கரணையில் ரோடு போடப் போட உயரும். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாமும் வந்து போன பிறகு எல்லோரும் வாசலை உயர்த்திக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் நிர்வாகக் கட்டடத்தின் வாசல் தரையிலிருந்து நாலடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அப்படியானால் 48 அடி வேண்டும். 48 அடிக்கு நீட்டினால் தாளாளரின் கார் நிற்கும் இடம் போய்விடும். கமிட்டி சார் யோசித்தார். மெக்கானிக்கல் வாத்தியார், சாய்தளமே நடத்துகிற பாடம். பதினாலு அடியில் முடித்துவிட்டார். அதில் வீல்சேரை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்கும்போது பிடித்துக்கொள்ள நாலு பேர். போட்டோவுக்கு ஹெல்த் சென்டர் வீல்சேரைக் கொண்டுவந்து, நன்றாக நடக்கிற என்.எஸ்.எஸ். பையனை உட்காரவைத்து எடுத்தார்கள். படத்தில் அவன் பயந்துபோய் இருப்பது தெரியும். பார்க்கிறவர்கள் அதை உருக்கமாக எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையிலேயே ஊன்றுகோலோடு வரும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் பக்கவாட்டுப் படியில்தான் ஏறுகிறான். அங்கேதான் கைப்பிடி இருக்கிறது. சாய்தளத்தால் அன்றாடம் பயன்பெறுகிறவர் தண்ணி கேன் போடும் அண்ணன். அவர் மட்டும் மனதார வாழ்த்துகிறார்.

புகார்ப் பெட்டி கமிட்டி சாரின் அறைக்கு உள்ளே, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கிறது. அவரைப் பற்றியே புகார் போட வேண்டுமானாலும் அவரிடம் "உள்ளே வரலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அப்படியும் ஒரு தடவை ஒரு காகிதம் விழுந்தது. கேன்டீன் சாம்பாரில் பருப்பே இல்லை என்று எழுதியிருந்தது. குழு கூடி விவாதித்தது. எல்லோருக்கும் அதே சாம்பார்தான் ஊற்றப்படுகிறது, ஆகவே பாகுபாடு ஏதுமில்லை என்று தீர்மானம் எழுதி ஃபைலை மூடினார். ஆண்டறிக்கையில் 'புகார்கள்: இல்லை' என்று பெரிய எழுத்தில் வரும். அதை அவர் வாசிக்கும்போது குரலில் ஒரு கம்பீரம் இருக்கும்.

இந்த 'இல்லை'யில்தான் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. சமவாய்ப்புக் குழு வேண்டும், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் வேண்டும் என்று யு.ஜி.சி. 2012-லேயே விதி போட்டுவிட்டது. ஹைதராபாத்தில் மாணவர் ரோஹித் வேமுலா 2016-ல் உயிரை மாய்த்துக்கொண்டார், மும்பையில் மருத்துவ மாணவி டாக்டர் பாயல் தட்வி 2019-ல். அந்த விதிகள் காகிதத்திலேயே கிடக்கின்றன என்று இரண்டு தாய்மாரும் 2019-ல் உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். அந்த இரண்டு கல்வி நிறுவனங்களிலும் யாரோ ஒரு கமிட்டி சார் 'இல்லை' என்று எழுதிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

2026 ஜனவரியில் யு.ஜி.சி. புது விதிகளை அறிவித்தபோது நம்மவருக்குக் கை கால் ஓடவில்லை. புதுக் குழு, புது போர்டு, மாணவத் தூதுவர்களுக்கு பேட்ஜ். இருபத்துநாலு மணி நேர உதவி எண்ணாகத் தன் செல் நம்பரையே கொடுத்துவிட்டு, ராத்திரி பத்துக்கு அதை அணைத்து வைத்துவிடுவார். நாடெங்கும் எதிர்ப்பும் ஆதரவுமாக ஒரே கூச்சல். அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் புது விதிகளை நிறுத்திவைத்து, பழையதே தொடரட்டும் என்றது. ஃபிளெக்ஸ் அதற்குள் பிரிண்ட் ஆகி வந்துவிட்டது. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று எழுதச் சொல்லிவிட்டார்.

கமிட்டி சாரின் உண்மையான திறமை நேர்காணலில்தான் தெரியும். அவர் முன்னால் இருக்கும் விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழ் இணைத்திருக்கும். அதைப் பார்க்க மாட்டார், அது நாகரிகமில்லையாம். வாயால் வர வேண்டும்.

"சொந்த ஊர் எதுப்பா?"

"திண்டிவனம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொல்வான்.

"அங்க எந்தப் பக்கம்? ஊருக்குள்ளேயா, தள்ளியா?"

பையன் என் முகத்தைப் பார்ப்பான். நான் மேசையைப் பார்ப்பேன். "சும்மா தெரிஞ்சுக்கத்தாம்பா" என்பார் அவர். அவரிடம் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் மட்டும், "நமக்கென்ன சார், பள்ளிக்கரணைதான்" என்று முடித்துவிடுவார்.

ஒரே ஒரு பெண்தான் அவரைத் திணறடித்தாள்.

"ஊர்?"

"கண்ணகி நகர் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அடையாறு ஆத்தங்கரை சார். அங்கிருந்து எங்களைக் காலி பண்ணிட்டாங்க."

"அதுக்கும் முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் பொறக்கல சார்."

படிப்பில் கெட்டிக்காரி. பிளேஸ்மென்ட் நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அட்ரஸை மாத்திக்கம்மா. கண்ணகி நகர்னு போட்டா ஹெச்.ஆர். ஒரு மாதிரி பார்ப்பான். மேடவாக்கத்துல சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்கல்ல?" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அந்த முகவரியைப் பார்த்தாலே வேலை தரத் தயங்குகிறவர்கள் இருப்பது அங்குள்ள பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அவளும் அத்தை வீட்டு முகவரியைப் போட்டுவிட்டாள்.

2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவை ஊரே கொண்டாடியது. டி.வி.யைத் திறந்தால் கண்ணகி நகர். மறுநாளே கமிட்டி சார் எங்கள் மாணவியைத் தேடிப் பிடித்தார். கையில் அடுத்த ஆண்டுக்கான புரோஷரின் மாதிரிப் பக்கம்.

"உன் போட்டோ போடறோம்மா. கீழே பெருசா 'கண்ணகி நகரிலிருந்து' அப்படின்னு."

"ரெஸ்யூம்ல மேடவாக்கம்னு இருக்கே சார்? நீங்கதானே மாத்தச் சொன்னீங்க. எதைப் போடட்டும்?"

கமிட்டி சார் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ரெண்டையும் வெச்சுக்கம்மா. புரோஷருக்குக் கண்ணகி நகர். கம்பெனிக்கு மேடவாக்கம்."